இடுப்புத் தள பிசியோதெரபிக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இருமினால், தும்மினால், குழந்தையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. அல்லது கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் அடக்க முடியாமல் போகிறது. அல்லது மாலையானால் அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோலக் கனக்கிறது, உடலுறவு வலிக்கிறது, மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று உங்களுக்கு இருந்து, 'பெல்விக் ஃப்ளோர் (இடுப்புத் தள) பிசியோதெரபி போய்ப் பாருங்கள்' என்று ஒரு மருத்துவர் ஒற்றை வரியில் சொல்லி அனுப்பியிருந்தால் இது உங்களுக்குத்தான். யாரும் சொல்லாமல் நீங்களே தேட ஆரம்பித்திருந்தாலும் சரி.

சிகிச்சை எளிமையானது. அதற்குள் போய்ச் சேர்வதுதான் பெரிய சுற்று. யாரிடம் போவது, எந்தக் காகிதம் வேண்டும், உள்ளே என்ன செய்வார்கள், எத்தனை வாரம் ஆகும், காப்பீட்டில் வருமா என்று எனக்கு யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. அதனால் நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

1. உங்கள் தொல்லை எந்த வகை என்று பாருங்கள்

இடுப்புத் தளத் தசைகள் முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை பரவியிருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவதும், சிறுநீர்த் துவாரத்தையும் ஆசனவாயையும் மூடிவைக்க உதவுவதும் இவைதான். அதனால்தான் கசிவு, கருப்பை இறக்கம், மலச்சிக்கல், உறவில் வலி, வாலெலும்பு வலி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோலத் தெரியும் தொல்லைகளெல்லாம் ஒரே சிகிச்சையாளரிடம் போய்ச் சேர்கின்றன.

கசிவு முக்கியமாக இரண்டு வகை. வயிற்றில் அழுத்தம் கூடும்போது (இருமல், குதித்தல், பாரம் தூக்குதல்) வருவது அழுத்தக் கசிவு. திடீரென்று அவசரம் வந்து, போய்ச் சேர்வதற்குள் வருவது அவசரக் கசிவு. பலருக்கு இரண்டும் கலந்து இருக்கும். எது முதலில் ஆரம்பித்தது, எது அதிகம் தொந்தரவு செய்கிறது என்பதை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே அதுதான், சிகிச்சையும் அதைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று. இந்தத் தசைகள் தளர்ந்து போவது மட்டுமே பிரச்சினை இல்லை. சிலருக்கு அவை எப்போதும் இறுகியே இருக்கும். சிறுநீர் கழிக்க ஆரம்பிக்கவே நேரமாவது, விட்டு விட்டு வருவது, டாம்பான் (மாதவிடாயின்போது உள்ளே வைக்கும் பஞ்சு) வைக்க முடியாமல் போவது, உறவில் எரிச்சலும் வலியும், நீண்ட நேரம் உட்கார முடியாமை ஆகியவை அந்தப் பக்கத்தைக் காட்டும் அடையாளங்கள். இறுகிய தசையை மேலும் மேலும் இறுக்கும் பயிற்சி கொடுத்தால் வலி கூடத்தான் செய்யும். 'எல்லாரும் கெகல் (இந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சி) செய்யுங்கள்' என்ற பொது அறிவுரையை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பிரசவம் ஆகாதவர்களுக்கும் இந்தத் தொல்லைகள் வரும். ஓட்டம், குதிப்பு, பளுதூக்குதல் செய்பவர்கள், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள், கருப்பை எடுத்தவர்கள், மாதவிடாய் நின்றவர்கள் என்று பட்டியல் நீளம். 'பிள்ளை பெற்ற உடம்பு என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்வார்கள். பலருக்கு வருவது உண்மைதான். பலருக்கு வருகிறது என்பதற்காகச் சரிசெய்ய முடியாதது என்று ஆகிவிடாது.

2. முதலில் மருத்துவரைப் பாருங்கள்

சில நாடுகளில் பரிந்துரைக் கடிதம் இல்லாமலேயே பிசியோவிடம் போகலாம். அப்படிப் போக முடிந்தாலும் முதலில் குடும்ப மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும், தொற்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சிறுநீர்த் தொற்றால் வரும் அவசரத்துக்குப் பயிற்சி செய்து பலனில்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் கசிவைக் கூட்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளால் வறட்டு இருமல் வந்து, அந்த இருமலால் கசிவு வரும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த இடம் வறண்டு எரிந்தால், அங்கே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு வேண்டுமா என்பதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீழே சொல்பவை இருந்தால் பிசியோ சந்திப்புக்காகக் காத்திருக்காதீர்கள்:

- சிறுநீரில் ரத்தம்
- மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு
- காய்ச்சலோடு முதுகு அல்லது விலா வலி
- சிறுநீர் போகவே முடியாமல் அடைத்துக்கொள்வது
- காரணமில்லாமல் எடை குறைவது

தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போய், அதோடு சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு திடீரென்று போனால் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: பரிந்துரைக் கடிதம். அதில் 'பிசியோதெரபி' என்று மட்டும் எழுதினால் முழங்கால் வலி பார்க்கும் பொதுப் பிரிவுக்கு உங்களை அனுப்பிவிடுவார்கள். 'இடுப்புத் தள பிசியோதெரபி' என்று எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயரும் ஐசிடி குறியீடும் (உலக அளவில் ஒவ்வொரு நோய்க்கும் தரப்பட்டிருக்கும் குறியீடு) அதில் இருக்கட்டும். உதாரணமாக, ஐசிடி-10 பட்டியலில் அழுத்தக் கசிவு N39.3, உறுப்பு இறக்கம் (கருப்பை போன்றவை கீழே இறங்குவது) N81. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்வது அந்தக் குறியீடுதான்.

3. இந்த வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்

பிசியோதெரபி பட்டம் பெற்ற எல்லாரும் இதைச் செய்வதில்லை. பட்டத்துக்குப் பிறகு தனிப் பயிற்சி எடுத்தவர்கள்தான் உள் பரிசோதனை (உள்ளே விரல் வைத்துத் தசையைப் பார்ப்பது) செய்வார்கள். பல நாடுகளின் பிசியோதெரபி சங்கங்களில் பெண்கள் நலம் அல்லது இடுப்பு நலம் என்று தனிப் பிரிவு இருக்கும், சிகிச்சையாளர் பட்டியலும் கிடைக்கும். உங்கள் நாட்டுச் சங்கத்தின் பட்டியலில் ஆரம்பியுங்கள். அங்கே யாரும் அகப்படவில்லை என்றால் பெரிய மகப்பேறு மருத்துவமனைகளிலும் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுகளிலும் 'நீங்கள் யாரிடம் அனுப்புகிறீர்கள்?' என்று கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது என்று வந்தால் விட்டுவிடாமல் அங்கே இருக்கும் செவிலியரைக் கேளுங்கள்.

நேரம் வாங்குவதற்கு முன் தொலைபேசியிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- இடுப்புத் தளத்துக்குத் தனிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா? உள் பரிசோதனை செய்வாரா?
- என் தொல்லையை (பெயரைச் சொல்லுங்கள்) பார்த்த அனுபவம் உண்டா? கசிவைப் பார்ப்பவர் எல்லாரும் வலியைப் பார்ப்பதில்லை.
- தனி அறையா, திரை மட்டும் போட்ட கூடமா?
- முதல் சந்திப்பு எவ்வளவு நேரம்?
- ஒவ்வொரு முறையும் அவரே பார்ப்பாரா, ஆள் மாறுமா?

கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். 'திரைதான், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள்' என்ற பதில் எனக்கு ஓர் இடத்தில் வந்தது. பார்க்காமல் இருக்கலாம், பேசுவது கேட்குமே. இந்த மாதிரி விஷயத்தைப் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும்போது யாரால் முழுதாகச் சொல்ல முடியும்?

அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, 'வீட்டில் இதைச் செய்யுங்கள்' என்று அனுப்பும் இடங்களும் உண்டு. அங்கே பணம் கட்டாதீர்கள். 1991-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்த பிறகு பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் தசையைச் சரியாக இறுக்கினார்கள். நான்கில் ஒருவர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக்கூடியதாக இருந்தது. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே தள்ளுவது அவ்வளவு எளிதாக நடக்கும். கண்ணுக்குத் தெரியாத தசை என்பதால், செய்வது சரியா என்று ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை உங்களுக்கே தெரியாது. காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக அந்தப் பரிசோதனையைத்தான்.

4. காப்பீட்டையும் செலவையும் முன்பே கணக்குப் போடுங்கள்

அரசு மருத்துவமனை அல்லது பொதுச் சுகாதாரத் திட்டம் வழியாகப் போனால் செலவு குறைவு, காத்திருப்பு நீளம். தனியாரில் நேர்மாறு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் முயற்சி செய்யலாம்: பொதுத் திட்டத்தின் வரிசையில் பெயரைப் போட்டுவிட்டு, தனியாரில் ஒரே ஒரு முறை மட்டும் போய்ப் பரிசோதித்து, பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வருவது. வரிசை நகரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த பிசியோதெரபி பிரிவுகளையும் விசாரியுங்கள். கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் மாணவர்கள் உடன் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: வெளிநோயாளிச் சிகிச்சை என் திட்டத்தில் வருமா, பரிந்துரைக் கடிதம் கட்டாயமா, முன் அனுமதி வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை அமர்வு, அந்த எண்ணிக்கையில் முதுகுவலிக்குப் போன அமர்வுகளும் சேருமா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். எல்லா பிசியோதெரபிக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு வைத்திருக்கும் திட்டங்கள் உண்டு. கடிதத்தின் தேதிக்கு முன் நடந்த அமர்வுக்குப் பணம் தராத திட்டங்களும் உண்டு, அதனால் கடிதம் கைக்கு வந்த பிறகே முதல் தேதியைக் குறியுங்கள். ரசீதில் சிகிச்சையாளரின் பெயர், பதிவு எண், நோய்க் குறியீடு, தேதி நான்கும் இருக்க வேண்டும். அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள். பிறகு திருத்தி வாங்குவது பெரும் அலைச்சல்.

மொத்தச் செலவை இப்படிக் கணக்கிடுங்கள். முதல் சந்திப்பு ஏறக்குறைய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போகும், கட்டணமும் கூடுதல். அடுத்தவை பெரும்பாலும் அரை மணி நேரம். சாதாரணக் கசிவுக்கு மூன்று நான்கு மாதத்தில் நான்கிலிருந்து ஆறு முறை பார்த்தால் பல பேருக்குப் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை என்று இடைவெளி விடலாம், ஏனென்றால் தசை ஒரு வாரத்தில் மாறிவிடாது. வலிக்காகப் போகிறவர்களுக்கு எண்ணிக்கை கூடும்.

'இருபது அமர்வு மொத்தமாக இப்போதே கட்டினால் தள்ளுபடி' என்பார்கள். பரிசோதிக்கும் முன்பே எண்ணிக்கை சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதல் முறை ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள். மின் தூண்டல் கருவி, பயோஃபீட்பேக் கருவி (தசை இறுகுவதைத் திரையில் காட்டுவது), வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு பயிற்சிக் கருவிகள் என்று விற்கவும் பார்ப்பார்கள். தசையைச் சுருக்கவே தெரியாத நிலையில் இருப்பவர்களுக்கு மின் தூண்டல் உதவும். தானாகவே சுருக்க முடிகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கர்ப்பமாக இருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ அது கூடவே கூடாது. உள்ளே வைக்கும் முனை ஒருவருக்கே உரியது. உங்களுக்கென்று புதிதாக வாங்கிக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

5. ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள்

அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம். இவை தவிர:

- பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. ஆயுதப் பிரசவமா (கருவி வைத்துக் குழந்தையை எடுத்ததா), பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல் எந்த நிலை என்று அதில் இருக்கும். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போனவை, அவற்றைச் சிகிச்சையாளர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.
- ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள்.
- சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமைகள். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் கையுறையை மாற்ற வேண்டும், அதை முதலிலேயே சொல்லுங்கள்.

பழைய மருத்துவமனையில் பிரசவப் பதிவுகளின் நகல் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கலாம். நேரம் வாங்கிய அன்றே அதற்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

6. மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு எழுதுங்கள்

இதைச் செய்யாமல் போனால் முதல் சந்திப்பில் பாதி வீண். 'இதை எழுதிக்கொண்டு அடுத்த முறை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கும் கட்டணம் உண்டு.

மூன்று நாள் போதும். தொடர்ந்து வர வேண்டியதில்லை, ஆனால் வேலைக்குப் போகும் நாளும் வீட்டில் இருக்கும் நாளும் இரண்டும் இருக்கட்டும். ஒரு தாளில் கோடு போட்டு நேரம், குடித்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, அவசரம் இருந்ததா, கசிந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மில்லிலிட்டர் கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்துவிடுங்கள். இரவில் எழுந்ததையும் எழுதுங்கள்.

எழுதும்போதே பல விஷயம் புரிந்துவிடும். பகலில் ஏறக்குறைய 6 முதல் 8 முறை போவது இயல்பு. சிறுநீர்ப்பை நிறைந்தால் 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான் வருகிறது என்றால் 'எதற்கும் போய்விட்டு வந்துவிடலாம்' என்று முன்னெச்சரிக்கையாகப் போகும் பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். அது சிறுநீர்ப்பையைச் சீக்கிரமே கூப்பிடப் பழக்கிவிடும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும் இதே போலத்தான்: சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் தரும், அவசரம் கூடும், மலச்சிக்கல் வரும், முக்க வேண்டியிருக்கும். முக்குவது இந்தத் தசைகளுக்கு நல்லதில்லை.

மலத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, கெட்டியா, இளக்கமா. பிரிஸ்டல் அளவுகோல் என்று ஏழு படங்கள் கொண்ட அட்டை ஒன்று உண்டு. சிகிச்சையாளர் அதைக் காட்டி எண் கேட்பார். 3, 4 நல்லது.

7. முதல் சந்திப்பில் நடப்பவை

பாதி நேரம் பேச்சுதான். பிரசவங்கள், மாதவிடாய், வேலை, உடற்பயிற்சி, உறவில் வலி உண்டா என்று எல்லாமே கேட்பார். துணைவரோ அம்மாவோ கூட வந்திருந்தால் இந்தப் பகுதிக்கு மட்டும் வெளியே இருக்கச் சொல்லலாம். அவர்கள் முன்னால் சில பதில்கள் வராது.

பிறகு உடலைப் பார்ப்பார். நிற்கும் விதம், மூச்சு விடும் விதம், முதுகு, இடுப்பு. பிரசவமானவர்களுக்கு வயிற்றின் நடுக்கோட்டில் தசைகள் பிரிந்திருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். சிசேரியன் தழும்பு இருந்தால் அதையும்.

அடுத்தது எல்லாரும் பயப்படும் பகுதி. முதலில் என்ன செய்யப் போகிறார் என்று விளக்கி, உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். உடை மாற்றத் தனிமை தருவார்கள், மேலே போர்த்திக்கொள்ளத் துணி தருவார்கள். முதலில் வெளியே பார்த்து, இருமச் சொல்லி, இறுக்கச் சொல்லிக் கவனிப்பார். பிறகு கையுறையும் ஜெல்லும் போட்ட ஒரு விரலால் உள்ளே பரிசோதிப்பார். மகப்பேறு மருத்துவர் வைக்கும் உலோகக் கருவி பொதுவாக இதில் கிடையாது. விரலைச் சுற்றி இறுக்கி மேலே இழுக்கச் சொல்வார், எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது, எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, விடச் சொன்னால் தசை முழுதாகத் தளர்கிறதா, எங்காவது தொட்டால் வலிக்கிறதா என்று பார்ப்பார். பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. எல்லாம் சில நிமிடங்கள்தான். ஆசனவாய்ப் பரிசோதனை தேவைப்பட்டால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் நிறுத்தலாம். உடன் ஒரு பெண் ஊழியர் இருக்கட்டும் என்று கேட்கலாம். உறவு அனுபவம் இல்லாதவர்களுக்கு, தொட்டாலே தாங்க முடியாத வலி உள்ளவர்களுக்கு, கடந்த காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உள் பரிசோதனை இல்லாமலும் சிகிச்சை தொடங்கலாம். அடிவயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துத் தசை மேலே போகிறதா, கீழே தள்ளுகிறதா என்று பார்க்க முடியும். வெளியிலிருந்து கவனித்தும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். 'உள்ளே பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது' என்று அடம்பிடிப்பவர் உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

மாதவிடாய் நாளாக இருந்தால் ரத்து செய்ய வேண்டியதில்லை. பேச்சும் வெளிப் பரிசோதனையும் அன்று முடித்துவிட்டு மீதியைத் தள்ளி வைக்கலாம். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பல இடங்களில் கட்டணம் பிடிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: என்ன கண்டார், எந்த நிலையில் (படுத்து, உட்கார்ந்து, நின்று) எத்தனை விநாடி எத்தனை முறை செய்ய வேண்டும், எது நடந்தால் நிறுத்த வேண்டும், அடுத்து எப்போது. வீட்டுக்கு வந்த பிறகு எட்டா, பத்தா என்று குழம்ப வேண்டியிருக்காது.

8. வீட்டுப் பயிற்சி

பலம் குறைந்தவர்களுக்கான பயிற்சி இது. இறுகிய தசை என்று சொல்லியிருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். உங்களுக்கு ஆழ்ந்த வயிற்று மூச்சும் தளர்த்தும் பயிற்சியும்தான் தருவார்கள்.

காற்று பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து மேலே இழுங்கள். பிடித்து, முழுதாக விடுங்கள். பிடித்த நேரம் அளவுக்காவது ஓய்வு கொடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி. பிட்டம், தொடை, மேல் வயிறு அசையக் கூடாது. மூச்சைப் பிடித்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது. கண்ணாடியில் பார்த்தால் ஆசனவாய் உள்ளே சுருங்க வேண்டும், புடைத்துக்கொண்டு வெளியே வரக் கூடாது.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று வேளை. உங்களுக்கு 3 விநாடிதான் பிடிக்க முடிகிறது என்றால் 3 விநாடியிலிருந்து ஆரம்பியுங்கள். 10 விநாடி வரை மெல்ல ஏற்றலாம். அதோடு பிடித்தவுடன் விடும் வேகமான சுருக்கங்கள் சில. இருமல், தும்மலைத் தாங்குவது அந்த வேகம்தான்.

இன்னொரு சின்ன வித்தை: இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு இருமுங்கள். தூக்குவதற்கு முன்னும் அப்படியே. 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லேசான கசிவு இருந்த வயதான பெண்களுக்கு இதைப் பழக்கியதில் ஒரே வாரத்தில் கசிவு குறைந்தது.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பை முழுதாகக் காலியாவதை அது கெடுக்கும். கழிப்பறையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்பதும் அப்படித்தான், தசை தளரவே தளராது. மலம் கழிக்கும்போது மேற்கத்தியக் கழிப்பறையானால் காலுக்கு ஒரு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாயுங்கள்.

அவசரக் கசிவு உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நில்லுங்கள் அல்லது உட்காருங்கள், நான்கைந்து முறை வேகமாக இறுக்கி விடுங்கள், மூச்சை நிதானப்படுத்துங்கள், அலை தணிந்ததும் நடந்து போங்கள். ஒரு முறை போனதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியைப் பதினைந்து நிமிடம் போல மெல்ல நீட்டிக்கொண்டே வாருங்கள். காபி, தேநீர், கோலா பானங்களைக் குறைத்துப் பார்த்துப் பலன் இருக்கிறதா என்று அதே கணக்குத் தாளில் குறியுங்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

அழுத்தக் கசிவுக்குக் குறைந்தது 3 மாதம், மேற்பார்வையோடு. உறுப்பு இறக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால் 16 வாரம். அவசரத்துக்காக இடைவெளியை நீட்டும் சிறுநீர்ப்பைப் பழக்கத்துக்குக் குறைந்தது 6 வாரம். நைஸ் வழிகாட்டுதலில் உள்ள கால அளவுகள் இவை. மூன்றாவது வாரம் 'ஒன்றும் மாறவில்லையே' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் மாற்றம் கண்ணில் படாது. தினமும் செய்ததை நாள்காட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், கசிவுக் கணக்கை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள்.

பலன் நிச்சயமா என்று கேட்பவர்களுக்கு: பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பில், அழுத்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தவர்கள் குணமானதாகச் சொல்வதற்கான வாய்ப்பு செய்யாதவர்களைவிட 8 மடங்கு. எல்லாருக்கும் முழுதாக நிற்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பிரசவமானவர்கள் மென்மையான சுருக்கங்களைச் சிறுநீர் வடிய வைத்த குழாயை (கதீட்டர்) எடுத்து, சிறுநீர் இயல்பாகப் போக ஆரம்பித்த சில நாட்களிலேயே தொடங்கலாம். உள் பரிசோதனை பொதுவாக 6 வாரத்துக்குப் பிறகு. ஓட்டத்தை 12 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டாம், அப்போதும் கசிவோ கனமோ இருந்தால் இன்னும் தள்ளிப் போடுங்கள். நேரம் கிடைக்கத் தாமதமாகும் இடங்களில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே பிரசவத்துக்குப் பிந்தைய தேதியைக் குறித்து வைப்பது புத்திசாலித்தனம்.

வலிக்கான சிகிச்சைக்கு இப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு வாரம் பின்னுக்கு இழுக்கும். டைலேட்டர் (யோனித் தசையை மெல்லத் தளரப் பழக்கும் உருளை) கொடுத்தால் மிகச் சிறிய அளவிலிருந்து, வலி இல்லாத எல்லைக்குள் மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் தசை இன்னும் இறுகும்.

10. மூன்று மாதமாகியும் அசையவில்லை என்றால்

மறுபரிசோதனை கேளுங்கள். முதல் நாள் கொடுத்த மதிப்பெண்ணும் விநாடியும் இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பலம் ஏறியும் கசிவு நிற்கவில்லை என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம், மருத்துவரிடம் திரும்ப வேண்டும். சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனை, அவசரத்துக்கான மாத்திரை, இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் பெசரி வளையம், அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. பெசரி வைத்துக்கொண்டே பயிற்சியும் தொடரலாம். பலம் ஏறவே இல்லை என்றால், செய்கிறீர்களா என்று உங்களையும், சரியாகப் பார்த்தாரா என்று சிகிச்சையாளரையும் கேட்க வேண்டிய நேரம். வேறொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பில்லை.

சிகிச்சை முடியும்போது ஒரு பக்கத்தில் முடிவுக் கடிதம் கேளுங்கள். ஆரம்ப மதிப்பெண், இப்போதைய மதிப்பெண், தொடர வேண்டிய பயிற்சி மூன்றும் அதில் இருக்கட்டும். ஒரு நகல் மருத்துவருக்கு, ஒன்று காப்பீட்டுக் கோரிக்கைக்கு, ஒன்று உங்கள் கோப்புக்கு. அடுத்த கர்ப்பத்தின்போதோ, கருப்பை அறுவைக்கு முன்னரோ முதல் சந்திப்பிலேயே அதைக் காட்டிவிடுங்கள்.